லயக் கூரையும் புகைவழியும்

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்குச் செல்கிறவர்களும், தலவாக்கலையிலிருந்து நானுஓயாவுக்குப் புகைவண்டியில் ஏறிப் போகிறவர்களும், தேயிலைச் சரிவுகளின் நடுவே மூன்று மாடி, நான்கு மாடி உயர்ந்து, சுவரெங்கும் வரிசை வரிசையாகச் சாளரங்கள் கொண்டு நிற்கும் தொழிற்சாலைகளைத் தவறாமல் பார்த்திருப்பார்கள். தோட்டத்து ஜனங்கள் ஸ்டோர் என்று வழங்கும் அக்கட்டடத்தின் மேல்மாடிகளுக்கு அத்தனை சாளரங்கள் வைத்ததற்குத் தக்க காரணம் உண்டு. காலையில் கொய்த கொழுந்து மாலைக்குள் அங்கே வந்து சேர்ந்து, சணல் துணி விரித்த தட்டுகளின்மேல் மெல்லிய படலமாகப் பரப்பப்பட்டு, 12 மணி நேரமோ 18 மணி நேரமோ மலைக்காற்றில் வாடித் தன் ஈரத்தின் பெரும்பகுதியை இழந்த பின்னரே உருளைகளுக்குப் போக வேண்டும். காற்று குறைந்தால் இலை புழுங்கும், புழுங்கினால் தேயிலையின் மணமும் விலையும் கெடும். ஆகவே எந்தத் திசைக் காற்றுக்கு எந்தப் பக்கத்துச் சாளரத்தைத் திறப்பது, மழை மூடிய நாளில் கீழ்மாடியிலிருந்து வெப்பக் காற்றை எவ்வாறு மேலே செலுத்துவது என்பவையெல்லாம் தோட்ட நிர்வாகிகளான துரைமார் கவனமாகப் பயின்ற சாஸ்திரமாக இருந்தன. அஸ்ஸாமின் கச்சார் ஜில்லாவில் தோட்டத் தொழில் பழகிய சாமுவேல் டேவிட்சன் என்பவர் 1881-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் நிறுவிய சிரோக்கோ தொழிற்சாலையின் உலர்த்திகளும் காற்றாடிகளும் இந்த மலைகளுக்கெல்லாம் வந்து சேர்ந்தன. அதே காற்றாடிகள் பின்னர்ச் சுரங்கங்களிலும் கப்பல்களிலும் மனிதருக்கு மூச்சுக்காற்று வழங்கும் பணியையும் ஏற்றன.

அந்தத் தொழிற்சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில், அதே காலத்தில், அதே நிர்வாகத்தின் பணத்தில் கட்டப்பட்ட இன்னொரு கட்டடத்தைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறேன். கொழுந்தைக் கொய்தவர்கள் இரவில் போய்ப் படுத்த லயம் அது. அதன் கூரையில் புகை போவதற்கும் வெளிச்சம் வருவதற்கும் ஒரு வழி உண்டாவதற்கு எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதைச் சொன்னால், மலையகத்துச் சரித்திரத்தில் பாதியைச் சொன்னதாகும்.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் லயம் நிலையான வாசஸ்தலமாக இருக்கவில்லை. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்த கூலி ஜனங்களில் பெரும்பாலோர், பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்புகிறவர்களாகவே இருந்தமையால், அவர்களுக்கென்று எழுந்தவை வரிச்சும் மண்ணும் சேர்த்து எழுப்பிய சுவரும், மானாப்புல் வேய்ந்த கூரையும் கொண்ட கொட்டில்களே. 1869-இல் கோப்பி இலையில் துருநோய் கண்டு, அடுத்த இருபது வருஷங்களுக்குள் அந்தப் பயிர் அடியோடு அழிந்தபோது, ஜேம்ஸ் டெயிலர் 1867-இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலையே தீவின் செல்வத்துக்கு ஆதாரமாயிற்று. தேயிலையோ வருஷம் முழுவதும், ஏழெட்டு நாட்களுக்கு ஒரு முறை, அதே மலைக்குத் திரும்பி வந்து கொய்ய வேண்டிய பயிர். வந்த குடும்பம் திரும்பிப் போகலாகாது என்ற நிலை பிறந்தவுடன், நூறு வருஷம் நிற்கும் சுவரும், ஆண்டுதோறும் வேய வேண்டாத கூரையும் நிர்வாகத்துக்குத் தேவையாயின. கருங்கல் தோட்டத்திலேயே கிடைத்தது. கூரைக்கு வேண்டிய நெளிதகரம், 1829-இல் லண்டன் துறைமுகப் பணியில் இருந்த ஹென்றி பாமர் என்னும் பொறியாளர் உரிமைபெற்ற கண்டுபிடிப்பு. துத்தநாகப் பூச்சுப் பெற்றுத் துருவுக்குத் தப்பியபின், ஆஸ்திரேலியாவின் பொன் வயல்கள் முதல் ஆபிரிக்கச் சுரங்கங்கள் வரை, குறைந்த செலவில் நிறையப் பேரைத் தங்கவைக்க வேண்டிய இடங்களுக்கெல்லாம் அது பரவியது. 1874-இல் நாவலப்பிட்டியோடு நின்றிருந்த இருப்புப்பாதை 1884-இல் ஹட்டனையும், அதற்கு மறு வருஷம் நானுஓயாவையும் எட்டியபோது, மாட்டுவண்டியில் ஏற்ற முடியாத அளவுக்குத் தகரம் மலையேறிற்று.

அவ்வாறு எழுந்த லயத்தின் அமைப்பை மலையகத்தில் பிறந்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை, பிறருக்காகச் சொல்லுகிறேன். நீண்ட ஒரே கட்டடம். அதைக் குறுக்குச் சுவர்களால் பத்தாகவோ பன்னிரண்டாகவோ அறுத்துக் காம்பராக்கள். ஒவ்வொரு காம்பராவும் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. முன்னே தகரம் தாழ்ந்து இறங்கிய இஸ்தோப்பு என்னும் திண்ணை. இது ஒற்றை லயம். இரட்டை லயத்தில் இரண்டு வரிசைக் காம்பராக்கள் ஒரே பின்சுவரைப் பொதுவாகக் கொண்டு முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். அங்கே பின்புறச் சாளரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்புறம் இருந்ததும் பலகைக் கதவிட்ட ஒரு சிறு ஜன்னல். மழையும் பனியும் அடிக்கும் மாதங்களில் அது அடைத்தே கிடக்கும். பல பழைய லயங்களில் குறுக்குச் சுவர்கள் கூரைவரை எட்டவில்லை. ஒரு காம்பராவின் புகையும் பேச்சும் அழுகையும் முகட்டின் கீழே அடுத்த காம்பராவுக்குச் சென்றன. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் லயம் முழுவதும் எரிந்ததற்கும் அந்தப் பொது முகடே காரணமாயிற்று. ஒரே இரவில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறும் அந்த அவலம் இன்றும் பத்திரிகைகளில் செய்தியாக வந்துகொண்டிருக்கிறது.

அடுப்பு அந்த ஒரே அறைக்குள் இருந்தது. அல்லது இஸ்தோப்பின் ஒரு பாதியைச் சாக்கும் பலகையும் கொண்டு மறைத்துக் குசினி ஆக்கிக்கொண்டார்கள். ஊரில் இதே ஜனங்கள் வாழ்ந்த கூரை வீட்டிலும் விறகடுப்புத்தான் எரிந்தது என்று யாரேனும் கூறலாம். ஆனால் ஓலைக்கும் புல்லுக்கும் இயல்பான ஒரு குணம் உண்டு: உள்ளே எழும் புகையை அவை மெல்ல மெல்ல வெளியே கசிய விடும், அந்தப் புகையே பூச்சி அரிக்காமல் கூரையைக் காக்கவும் செய்யும். நெளிதகரம் மழையைத் தடுப்பதைப் போலவே புகையையும் தடுத்தது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து சுமந்துவந்த, மிலாறு என்னும் தேயிலைக் குச்சி விறகு, நன்றாகக் காயாத பச்சை ஈரத்தோடு எரிகிறபோது விடும் புகை கனமானது. அது மேலே எழுந்து, தகரத்தில் மோதி, போக வழி காணாமல் திரும்பிக் கீழே இறங்கி, நின்றுகொண்டிருக்கிறவர்களின் கண்மட்டத்தில் தங்கும். ஆதலால் லயத்தில் பிறந்த பிள்ளைகள், அடுப்பெரியும் வேளையில் குனிந்து நடக்கவும் தரையோடு உட்காரவும் தாமாகவே கற்றுக்கொண்டார்கள். தாய்க்கோ உட்கார நேரமில்லை. விடியுமுன் எழுந்து, ரொட்டி தட்டி, தேத்தண்ணீர் வைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டியவள் அவள். மலையில் இருக்கும் வேளை போக எஞ்சிய வேளையெல்லாம் அந்தப் புகைக்குள்ளேயே கழித்தமையால், நாற்பது வயதுக்குள் கண் எரிச்சலும் தீராத இருமலும் அவளுக்குச் சொந்தமாயின.

நுவரெலியா கடல்மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பது. தை, மாசி மாதங்களில் புல்நுனியில் உறைபனி விழும் அந்தப் பிரதேசத்தில், இரவெல்லாம் எட்டுப் பேர் விட்ட மூச்சின் ஈரம் குளிர்ந்த தகரத்தின் அடிப்புறத்தில் துளித்துளியாகப் படிந்து, பல வருஷத்துக் கரியைக் கரைத்துக்கொண்டு, விடியற்காலையில் கரிய நீராகச் சொட்டும். போர்வையிலும் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையிலும் அந்தக் கறை விழுந்தால் எந்தச் சவர்க்காரத்துக்கும் போவதில்லை. வெளிச்சத்தின் கதியும் இதுவே. கரி பிடித்த சுவர், கரி பிடித்த கூரை, ஒரு வாசல்; நடுப்பகலிலும் அரிசியில் கல் பொறுக்க வேண்டுமானால் சுளகோடு இஸ்தோப்புக்கு வர வேண்டும். இரவில் மண்ணெண்ணெய் ஊற்றிய போத்தல் விளக்கு தன் பங்குக்குப் புகையும் சேர்த்தது. அதே மலையின் உச்சியில் துரையின் பங்களாவில் அறைக்கு அறை கணப்பும், அதற்கென்று கல்லால் கட்டி உயர்த்திய புகைக்கூண்டும் இருந்தன என்பதை எண்ணும்போது, புகையை வெளியேற்றும் வித்தை தெரியாமையால் லயம் இப்படிக் கட்டப்பட்டது என்று எவரும் வாதிக்க முடியாது. கொழுந்துக்கு வேண்டிய காற்றைக் கணக்கிட்டவர்கள் அதே கணக்கை ஆளுக்குப் போட மறுத்தார்கள். இதுவே என் அபிப்பிராயம். இதைவிட மென்மையான சொல்லில் கூற எனக்கு மனமில்லை.

அரசாங்கம் பார்க்காமலும் இருக்கவில்லை. 1872 முதலே தோட்டத்துத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கான சட்டங்கள் வந்துகொண்டிருந்தன. 1912-இல் வந்த வைத்தியத் தேவைச் சட்டமும் தொழிலாளர் நோய்த் தடுப்புச் சட்டமும், லயங்களைச் சுகாதாரத்துக்கு ஏற்ற நிலையில் வைத்திருக்கும் கடமையைத் தோட்ட நிர்வாகத்தின்மீது சுமத்தின. பரிசோதனைக்கு வைத்திய அதிகாரிகள் வந்தார்கள், சுண்ணாம்பு அடிக்கப்பட்டது, கான்கள் சீர்ப்பட்டன. சில தோட்டங்களில், ஒவ்வொரு காம்பராவின் முகட்டிலும் ஒரு சிறு துவாரம் விட்டு, அதன்மேல் தகரத்தால் தொப்பி போன்ற சிறு கூரை கவிழ்த்த லயங்களும் எழுந்தன. இந்தத் தொப்பிக் கூரையே லயத்துக்குக் கிடைத்த முதல் புகைவழி.

ஆனால் அதற்கும் நெடிய ஆயுள் வாய்க்கவில்லை. ஹட்டனுக்கு மேற்கே வட்டவளை, இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. வைகாசியில் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்று அங்கும் மஸ்கெலியா, நோர்வூட் பக்கத்திலும் மழையை நேராகக் கீழே பொழிவதில்லை, பக்கவாட்டில் வீசும். தொப்பியின் விளிம்பு துருவேறி உதிர்ந்தபின், புகை போக வைத்த வழியாகவே சாரல் உள்ளே வந்து படுக்கையை நனைத்தது. செப்பனிட ஆளில்லை. குளிரையும் நனைவையும்விடப் புகையே மேல் என்று தீர்மானித்த குடும்பங்கள், பழஞ்சாக்கைச் சுருட்டி அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டன. பரிசோதனைக்கு வந்தவர்கள், ஜனங்கள் காற்றோட்டத்தை விரும்புவதில்லை என்று எண்ணிக்கொண்டு போனால் அது ஆச்சரியமன்று. ஒழுகும் கூரையின் கீழே படுத்துப் பார்க்காதவர்களுக்கு அப்படித்தான் தோன்றும்.

குடியிருப்பவர்கள் தாங்களே ஏன் செப்பனிட்டுக்கொள்ளவில்லை என்று கேட்பது நியாயமே. அந்தக் கூரை அவர்களுடையதன்று. ஒரு தகரத்தைப் பெயர்க்கவும், சுவரில் ஒரு ஜன்னல் குடையவும் மேற்பார்வையாளர்களான கணக்கப்பிள்ளையிடமும் கண்டக்டரிடமும் சொல்லி, துரையின் உத்தரவைப் பெற வேண்டும். உத்தரவின்றிக் கைவைத்தவன் தோட்டத்தின் சொத்தைச் சேதப்படுத்தியவனாவான். வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில், கூரைத் துவாரம் ஒன்றுக்காக யார் வழக்காடுவார்? வெளியார் வந்து பார்த்து எழுதவும் வழியில்லை. அக்காலத்தில் தோட்டம் தனியார் நிலம். அனுமதியின்றி உள்ளே நுழைவது அத்துமீறல். தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரிபோல் வேஷம் பூண்டு லயங்களுக்குள் சென்று நிலைமையை அறிந்தார் என்று மலையகத்தில் வழிவழியாகச் சொல்லப்படுவதன் பொருளை இந்தத் தடையோடு சேர்த்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914-இல் பிறந்து, 1947-இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை, பிற்காலத்தில் தாம் எழுதிய நாவல் ஒன்றுக்கு ‘வீடற்றவன்’ என்று பெயரிட்டார். லயத்தில் பிறந்து லயத்திலேயே மாண்டவர்களையும் அந்தப் பெயர் தழுவி நிற்கிறது.

1948-ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இந்த ஜனங்களை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, மேலும் 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. பெயர் வந்தால் தலைமன்னாரில் கப்பலேற வேண்டிய குடும்பம், தலைக்குமேல் இருக்கும் தகரத்தை மாற்ற எந்த மனத்தோடு முயலும்? 1972-லும் 1975-லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போயிற்று. கூரை மட்டும் நிர்வாகத்தின் கூரையாகவே இருந்தது.

ஆயினும் இந்த இடைக்காலத்தில், எந்தச் சட்டத்தின் துணையுமின்றி, லயத்து ஜனங்கள் தமது பிரயாசையாலேயே செய்துகொண்ட ஒரு காரியம் உண்டு. அதை எழுதிவைக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரைக்கு முதற்காரணம். நிர்வாகத்தின் பிடி சற்றுத் தளர்ந்ததும், கொழும்பில் கடைச் சிப்பந்தியாகப் போன மகன் நாலு காசு அனுப்பத் தொடங்கியதும், அவர்கள் முதலில் செய்தது கூரையில் வெளிச்சம் இறக்கியதுதான். அடுப்புக்கோ நடு அறைக்கோ நேர்மேலே, துருவேறிய ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு, அதே நெளிவுள்ள ஒளிபுகும் கண்ணாடி நார்த் தகட்டை அங்கே பொருத்துவார்கள். வேலை சிறிதானாலும் கைப்பக்குவம் வேண்டும். பழைய ஆணியை ஓங்கிப் பிடுங்கினால் பக்கத்துத் தகரமும் கிழியும். ஆகையால் அதன் தலையை வாளால் அறுத்து, தகரத்தை மெல்லத் தூக்கி உருவ வேண்டும். கரியேறிய மரச்சட்டத்தைச் சுரண்டி, உளுத்த பகுதிக்குப் புதுச் சட்டம் சேர்த்து, புதிய தகட்டை மேல்வரிசைத் தகரத்தின் அடியிலும் கீழ்வரிசைத் தகரத்தின் மேலுமாக அரை அடி செருக வேண்டும். பக்கவாட்டில் ஒன்றிரண்டு நெளிவு ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். அந்த மேலேற்றத்தின் வாய், மழைக்காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் பார்க்க வேண்டும். ஆணியை நெளிவின் மேட்டில் அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஓடுகிற நீரெல்லாம் அதன் வழியே உள்ளே வரும். ஆணித்தலையின் கீழே பழைய டயர்க் குழாயில் வெட்டிய ரப்பர் வில்லை, அதன்மேல் உருக்கிய தார். காற்றுக்குப் பறக்காமல் பக்கத்தில் ஒரு கல். பழைய தொப்பிக் கூரை எஞ்சியிருந்த லயங்களில், அடைத்த சாக்கை எடுத்தெறிந்து, தட்டையாக்கிய தார்ப்பீப்பாத் தகரத்தால் விளிம்பு நீண்ட புதுத் தொப்பி செய்து, சாரல் நுழையாதபடி கவிழ்த்தார்கள். வேலை முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்காரி சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்குவாள். அதுவரை இருளில் தெரியாதிருந்த கரி இப்போது கண்ணுக்குத் தெரிகிறது அல்லவா! பிள்ளைகளின் புத்தகம் இஸ்தோப்பிலிருந்து அறைக்குள் வரும். அரிசியில் கல் பொறுக்கும் சுளகும் உள்ளே வரும். மலையகத்தில் கல்வி வளர்ந்த கதையை எழுதுகிறவர்கள் பள்ளிக்கூடங்களையும் ஆசிரிய நியமனங்களையும் எண்ணுகிறார்கள்; அந்தக் கணக்கில் இந்த ஒற்றைத் தகட்டையும் சேர்ப்பதே முறை.

1990-களுக்குப் பின் பல தோட்டங்களில் லயங்களுக்குப் புதுக் கூரை போடப்பட்டது. தகரத்துக்குப் பதில் பெரும்பாலும் அஸ்பெஸ்டஸ் வந்தது. மழையின் இரைச்சல் குறைந்தது, கரிநீர் சொட்டுவதும் குறைந்தது. ஆனால் கட்டடம் பழைய கட்டடமே, அடுப்பும் பழைய அடுப்பே. புதுக்கூரை பழைய துவாரங்களை மூடிய இடங்களில் புகை திரும்பவும் கீழே இறங்கிற்று. புகைபோக்கியோடு கூடிய புகையற்ற அடுப்புகள் சில தோட்டங்களில் கட்டிக்கொடுக்கப்பட்டன. அவை வேலை செய்த வீடுகளில் பெண்கள் அவற்றை விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுக்குத் தேவை எது என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுவதில்லை.

இப்போது தனி வீடுகள் எழுகின்றன. 7 பேர்ச்சஸ் நிலத்தில் 550 சதுர அடி வீடு என்ற திட்டத்தில், இந்திய அரசாங்கத்தின் உதவியோடு முதலில் 4,000 வீடுகள் தொடங்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் கூடிய ஜனத்திரள் முன்னிலையில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. தேவையோடு ஒப்பிட்டால் இவை மிகக் குறைவு. லயத்தில் வாழ்கிறவர்கள் இன்னும் பெருந்தொகையினர். ஆகவே இரு சாராருக்கும் ஒரு விண்ணப்பம். லயத்திலேயே இருக்க வேண்டியவர்கள் வெளிச்சத்துக்காக அஸ்பெஸ்டஸ் தகட்டை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய்க்கு வித்தாகும். நனைத்துவிட்டு ஆணியை நீக்கி, முழுத் தகட்டையும் உடையாமல் இறக்கி, அதன் இடத்தில் ஒளிபுகும் தகட்டை முழுசாகப் போடுங்கள். புது வீடு கட்டுகிறவர்கள், வரைபடத்தில் இல்லை என்று கட்டட வேலை செய்யும் பாஸ் சொன்னாலும் விட்டுவிடாமல், கூரை போடும் அன்றே அடுப்புக்கு மேலே ஒரு புகைபோக்கியையும் நடு அறைக்கு மேலே ஒரு கண்ணாடித் தகட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கூரைக்கு எவருடைய உத்தரவும் தேவையில்லை.